செத்த ஆடு மாட்டை அறுத்துப் பார்ப்பது: சேலம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலத்தில் மேச்சேரிப் பட்டிகளிலும், ஆத்தூர் தலைவாசல் கொட்டகைகளிலும், ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலும் என்னிடம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். செத்த உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவசரத்தில் சொல்லும் பதில் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. அதனால் கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே எழுதி, கீழே நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"செத்தது செத்துப்போச்சு. இனிமே அறுத்துப் பார்த்து என்னங்க ஆகப்போவுது?"

செத்த ஆடு எழுந்து வராதுதான். ஆனால் அதே தீனியைத் தின்று, அதே தொட்டியில் தண்ணீர் குடித்த மற்ற ஆடுகள் பட்டியில் நிற்கின்றனவே. வெளியே தெரிவது வெறும் கழிச்சல்தான். அது குடற்புழுவால் வந்ததா, ஆட்டுக்கொல்லி நோயா, குட்டிகளுக்கு வரும் ரத்தக்கழிச்சலா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

மேச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பட்டியில் இரண்டு பெட்டை ஆடுகள் அடுத்தடுத்துச் செத்தன. தாடைக்குக் கீழே வீக்கம் இருந்தது. தொண்டை நோய் என்று நினைத்து உரிமையாளர் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது ஆட்டின் நான்காம் வயிற்றைக் கீறித் திறந்தேன். சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் துண்டுகளைப் போல, ஓர் அங்குலம் இருக்கும், நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு அது. அவர் ஒன்றும் பேசவில்லை. நேராகப் பட்டிக்குள் போய் மற்ற ஆடுகளின் கீழ் இமையைப் புரட்டிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பல ஆடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அன்று மாலையே எல்லாவற்றுக்கும் புழு மருந்து கொடுத்தோம்.

"யாருக்குச் சொல்லணும்? எங்கே கொண்டுபோவணும்?"

முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். ஒரே நேரத்தில் பல கால்நடைகள் செத்தால் மாவட்டத்தின் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு மருத்துவரே தகவல் கொடுப்பார். அதற்கு மேல் ஆய்வகம் தேவைப்பட்டால் தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கோழி, ஆட்டுக்குட்டி போன்ற சிறு உடல்களை நேரில் கொண்டுபோகலாம். பெரிய மாட்டை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், கிடந்த இடத்துக்கே வருவோம்.

"எவ்வளவு நேரத்துக்குள்ள பார்க்கணும்? ராத்திரியே செத்திருந்தா?"

சேலத்து வெயிலில் 6 மணி நேரம் தாண்டினாலே பாதித் தகவல் போய்விடும். அசைபோடும் கால்நடைகளின் முதல் வயிறு ஒரு ஊறல் பானை. உயிர் போன பிறகும் அதற்குள் நொதித்துக்கொண்டே இருக்கும், சூடு இறங்காது. குடலில் இருக்கும் கிருமிகள் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பரவி, பார்த்தால் நோய் மாதிரியே தெரியும் மாற்றங்களை உண்டாக்கும். குடலை ஒட்டிய இடம் பச்சையும் கறுப்புமாக மாறுவது நோயல்ல, அழுகல்.

ஏற்காட்டில் குளிராச்சே என்று சிலர் சொல்வார்கள். ஆட்டுக்குட்டிக்கு அது ஓரளவு சரி. ஒரு பசு மாட்டுக்கு அப்படி இல்லை: மார்கழி விடியலில்கூட, தோல் சில்லென்று இருக்கும்போது வயிற்றுக்குள் கை வைத்தால் சூடாக இருக்கும். மருத்துவர் வரும்வரை உடலை நிழலுக்கு மாற்றி, ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். நாய் வராமல் ஒரு ஆள் இருக்கட்டும். ஆனால் இயற்கைத் துவாரங்களில் ரத்தம் இருந்தால் நகர்த்தவே வேண்டாம். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

"எங்க ஊருக் கறிக்கடைக்காரர் நல்லா அறுப்பாருங்க. அவரையே தொறந்து பார்க்கச் சொன்னா ஆகாதா?"

ஆகாது. அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் உயிரைப் பற்றித்தான் கவலை. சில உடல்களைத் திறக்கவே கூடாது. அதில் முதலாவது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று விழுந்து செத்திருக்கும். வயிறு வேகமாக ஊதியிருக்கும், உடல் சரியாக விறைத்திருக்காது. மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த ரத்தம் உறையாமல் கசியும்.

உடலைத் திறக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் அடைப்பான் கிருமி அழுகலில் பெரும்பாலும் செத்துவிடும். திறந்தால் காற்றுப் பட்டுக் கெட்டியான வித்தாக மாறிவிடும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். உங்கள் பேரன் ஆடு மேய்க்கும்போதும் அந்த இடம் ஆபத்தானது. மருத்துவர் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயமேற்றிப் பார்ப்பார். நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அதுவே போதும். அப்புறம் துவாரங்களைப் பஞ்சால் அடைத்து, 6 அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். தோலை உரிக்கக் கூடாது. கறியை விற்கவும் கூடாது, தின்னவும் கூடாது. இந்தக் கறியை வெட்டியவர்களுக்குக் கையில் கறுத்த பொருக்குப் புண் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுக்கும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட நோய்ச் சந்தேகத்தை உரிமையாளர் தெரிவிப்பது கட்டாயம்.

"மூக்குல ரத்தம் வந்தாலே அடைப்பானா?"

இல்லை. செத்துச் சில மணி நேரம் ஆன உடலில் வயிற்று வாயு நெஞ்சை அழுத்துவதால் மூக்கில் ரத்தம் கலந்த நுரை வரும். பாம்புக்கடியிலும் சில விஷங்களிலும்கூட ரத்தம் கசியும். ஆனால் பார்த்து முடிவு செய்யும் வேலை உங்களுடையதல்ல. சந்தேகம் என்றால் கத்தியைத் தொடாதீர்கள். ரத்தப்பூச்சில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு மருத்துவர் திறந்து பார்ப்பார்.

"வயிறு பலூன் மாதிரி ஊதிக் கெடந்துச்சு. வயிற்று உப்புசத்துலதானே செத்துச்சு?"

எந்தக் காரணத்தால் செத்தாலும் மாட்டின் வயிறு ஊதும். உயிரோடு இருக்கும்போதே ஊதியதா என்று கண்டுபிடிக்க உணவுக்குழாயை முழு நீளத்துக்கும் கீறிப் பார்ப்போம். கழுத்துப் பகுதியில் ரத்தம் கட்டிச் சிவந்தும், நெஞ்சுப் பகுதியில் பிழிந்ததுபோல வெளுத்தும், நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்தும் இருந்தால் உப்புசம்தான் கொன்றிருக்கிறது. ஊதிய வயிறு உயிரோடு இருந்த உடலை அழுத்தியதன் தடம் அது. அந்தக் கோடு இல்லாமல் வயிறு மட்டும் ஊதியிருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மாட்டைத் திறக்கும்போது இடப்பக்கம் தரையில் இருக்கும்படி படுக்க வைப்பதும் இந்த முதல் வயிற்றால்தான். அது இடப்பக்கம் இருப்பதால் கீழே போய்விடும், மற்ற உறுப்புகள் மேலே கண்ணுக்குத் தெரியும்.

"மரவள்ளித் தழை தின்னுட்டு அரை மணி நேரத்துல ரெண்டு ஆடு போச்சு. அறுத்தா தெரியுமா?"

நம் மாவட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் இருப்பதால் ஆத்தூர், தலைவாசல் பக்கம் எங்கு பார்த்தாலும் மரவள்ளிதான். அதன் பச்சைத் தழையிலும் தோலிலும் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. மழை பொய்த்து வாடி, திடீரென்று துளிர்த்த இளஞ்சோளப் பயிரிலும் அதேதான். உயிர் போன உடனே திறந்தால் ரத்தம் செர்ரிப் பழம் போலப் பளிச்சென்ற சிவப்பில் இருக்கும். முதல் வயிற்றைத் திறந்தால் கசப்பு வாதுமை வாசனை வரும், ஆனால் அது எல்லோர் மூக்குக்கும் எட்டாது. நேரம் ஆக ஆக ரத்தமும் கறுத்துவிடும், வாசனையும் போய்விடும்.

ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் நைட்ரேட் நச்சு, யூரியா அதிகம் போட்ட தீவனப் பயிரில் வருவது. இரண்டுக்கும் முறிமருந்து வேறு. சயனைடுக்குச் சோடியம் தயோசல்பேட் ஊசி, நைட்ரேட்டுக்கு மெத்திலின் புளூ. செத்த ஆட்டின் ரத்த நிறம் அதே தழையைத் தின்று தள்ளாடிக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆட்டைக் காப்பாற்றும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆய்வகத்துக்கு வயிற்றில் இருக்கும் தீனியைக் காற்றுப் புகாத பாட்டிலில், விளிம்பு வரை நிரப்பி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். மூடி தளர்வாக இருந்தால் சயனைடு ஆவியாகிப் போய்விடும்.

சேகோ ஆலையில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பி பற்றியும் கேட்பார்கள். திப்பியை அளவுக்கு மேல் தின்று சாகும் மாட்டின் முதல் வயிற்றில் புளித்த மோர் வாடை அடிக்கும், உட்சவ்வு கையோடு உரிந்து வரும். அது வயிற்றில் அமிலம் ஏறியதன் வேலை.

"கொழுத்த குட்டியாப் பார்த்துச் சாவுதே, யாரோ கண்ணு வெச்சுட்டாங்களா?"

மனசு அப்படித்தான் நினைக்கும், தவறில்லை. ஆனால் நல்ல குட்டிகளையே தேடிப் பிடிக்கும் நோய் ஒன்று இருக்கிறது: துள்ளுமாரி. மழைக்குப் பின் துளிர்த்த புல்லையோ தானியத்தையோ வயிறு நிறையத் தின்ற குட்டியின் குடலில் ஒரு கிருமி பெருகி விஷம் கக்குகிறது. அதிகம் தின்பது யார்? நல்ல குட்டிதான். ராத்திரி நன்றாக இருந்தது காலையில் செத்துக் கிடக்கும்.

திறந்தால் இதயத்தைச் சுற்றிய பையில் வைக்கோல் நிறத் திரவம் இருக்கும், சிறுநீரகம் களி போலக் குழைந்திருக்கும். சிறுநீரகம் மட்டும் குழைந்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, நேரம் ஆனால் எந்த ஆட்டுக்கும் குழையும். சிறுகுடலில் உள்ள திரவத்தை எடுத்து, ஒரு சொட்டு குளோரோஃபார்ம் விட்டு அனுப்பினால் விஷம் இருக்கிறதா என்று ஆய்வகம் சொல்லும். மீதிக் குட்டிகளுக்குத் தடுப்பூசி, மேய்ச்சலில் கட்டுப்பாடு. தடுப்பூசியை அடுத்த ஆண்டு மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

"கண்ணாலதான் பார்த்துட்டீங்களே, அப்புறம் எதுக்குத் துண்டு துண்டா வெட்டி அனுப்பணும்?"

கண்ணுக்குத் தெரிவதற்கு ஓர் எல்லை உண்டு. கோமாரிக் காலத்தில் ஒரு கன்றுக்குட்டி வாயில் புண்ணே இல்லாமல் செத்துவிடும். இதயத்தைப் பார்த்தால் தசையில் மஞ்சளும் சாம்பலுமாக வரிகள் இருக்கும், புலித்தோல் கோடு என்போம். சில சமயம் அந்தக் கோடும் தெளிவாக இருக்காது. அப்போது திசுதான் பேசும். தசைநார்கள் அறுந்து, நடுவே வெள்ளணுக்கள் குவிந்து கிடப்பது நுண்ணோக்கியில் தெரியும்.

துண்டை மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, இரண்டு சாயங்கள் ஏற்றுவார்கள். செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் மாறும். இதற்குச் சில நாட்கள் ஆகும். அதனால் அறிக்கை மறுநாளே வரவில்லை என்று யார் மேலும் கோபப்படாதீர்கள்.

"ஐஸ்ல வெக்கணுமா, ஃபார்மலின்ல போடணுமா? ரெண்டு விதமாவும் சொல்றாங்க."

இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு வேலைக்கு. கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் ஐஸ். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். திசுவின் அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் ஃபார்மலின். அதற்கான துண்டை உறைய வைத்தால் உள்ளே பனித்துகள் குத்திச் செல்லெல்லாம் கிழிந்துபோகும். வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் கொண்டுவருபவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தத் துண்டு திசுப் பரிசோதனைக்கு ஆகாது.

கடையில் விற்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. துண்டின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவம். துண்டு அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். நோய் உள்ள இடமும் நல்ல இடமும் சேர்ந்து வருமாறு ஓரத்தில் வெட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எருமையின் ஈரலைக் கைப்பிடி அளவுக்கு வெட்டி, வாய் குறுகிய பாட்டிலில் அழுத்திப் போட்டு அனுப்பினேன். திசு விறைத்துப்போய் வெளியே எடுக்க முடியாமல் பாட்டிலை உடைத்தார்கள். வெளிப்புறம் பதமாக இருந்தது, நடுப்பகுதி அழுகியிருந்தது. அந்த எருமை எதனால் செத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அதன் உரிமையாளரிடம் அதைச் சொன்ன நாள் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து வாய் அகன்ற டப்பாதான்.

"ஏற்காட்டுக்குச் சந்தையிலேர்ந்து மாடு வாங்கி ஏத்தினோம். ஒரு மாசத்துல மஞ்சளாகிச் செத்துச்சு. என்னவா இருக்கும்?"

திறந்தால்தான் உறுதி. இருந்தாலும் மலையில் முதலில் உண்ணிச்செடி என்ற நச்சுச்செடியை நினைப்பேன். சேர்வராயன் மலைச் சரிவுகளில் அது புதராக மண்டிக் கிடக்கிறது. உள்ளூர் மாடுகள் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிடும். சமவெளியிலிருந்து வந்த மாடு பசியில் மேய்ந்துவிடும். வெயில் படும் காது, மூக்கு, வெள்ளைத் தோல் வெந்து உரிந்திருக்கும். உள்ளே கொழுப்பெல்லாம் மஞ்சள், பித்தப்பை பெரிதாக ஊதியிருக்கும், சாணம் கட்டிப்போயிருக்கும். மஞ்சள் நிறத்துக்குத் தட்டைப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும்கூடக் காரணமாகலாம். ஈரலைக் கீறினால் பித்தக்குழாய் தடித்து, இலை போன்ற புழு வெளியே வந்தால் தட்டைப்புழு. உண்ணிக் காய்ச்சலுக்கு மண்ணீரலும் ரத்தப்பூச்சும் பார்ப்போம்.

செத்துக் கிடப்பது காட்டெருமை என்றால் தொடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள், மாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

"செம்மறிக்கு மூஞ்சி வீங்கி, கால் நொண்டிச்சு. கோமாரின்னு நெனச்சோம், நீலநாக்குன்னு சொல்றீங்க. எப்படி?"

வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சிறு பூச்சிகள் பெருகும்போது நீலநாக்கு வரும். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயின் அடியில் ரத்தம் கசிந்த திட்டு இருக்கும். வேறு நோயில் அந்த இடத்தில் அப்படி வருவது அரிது. அதனால் செம்மறியைத் திறந்தால் அந்தக் குழாயைக் கீறிப் பார்க்காமல் மூட மாட்டேன்.

"சினை ஆடு கன்னு வீசிடுச்சு. அதைப் பொதைச்சுட்டோமே, பரவாயில்லையா?"

குறைமாதத்தில் வீசிய குட்டியும் நஞ்சுக்கொடியும்தான் காரணத்தைச் சொல்லும். குட்டியின் வயிற்றுக்குள் இருக்கும் திரவத்தில் கிருமி சுத்தமாகக் கிடைக்கும். அடுத்த முறை இரண்டையும் பாலித்தீன் பையில் இரட்டையாகக் கட்டி, ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. கன்று வீச்சு நோய் மனிதர்களுக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டு வலியாகவும் ஒட்டும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

"மாடு எச்சில் ஒழுக, கத்திக் கத்திச் செத்துச்சு. மண்டையைத் தொறந்து பார்ப்பீங்களா?"

வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் பாதுகாப்பு உடை, கண்ணாடி, தடுப்பூசி போட்டுக்கொண்ட ஆள் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. மூளையில் சில குறிப்பிட்ட பகுதிகளை எடுத்து ஒளிரும் சாயப் பரிசோதனைக்கு அனுப்புவோம். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: அந்த மாட்டின் வாயில் கை விட்டு மருந்து கொடுத்தவர், எச்சில் பட்டவர் எல்லோரும் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"கோழி நெறைய சாவுது. எத்தனையைக் கொண்டாறது?"

புதிதாகச் செத்தவை இரண்டு மூன்று, நோயோடு உயிருடன் இருப்பவை இரண்டு மூன்று. உயிருள்ள நோய்க்கோழியில் தெரிவது செத்த கோழியில் தெரியாமல் போகலாம். வெள்ளைக்கழிச்சலில் இரைப்பையின் உட்பக்கச் சுரப்பி நுனிகளில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். இதை ராணிகெட் நோய் என்பார்கள். நம் ராணிப்பேட்டை என்று பலர் நினைக்கிறார்கள், அது உத்தரகண்டில் உள்ள ஊர். ஒரே நாளில் கூட்டமாகச் செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருந்தால் எங்கும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், திறக்கவும் வேண்டாம். போன் பண்ணுங்கள். பறவைக்காய்ச்சல் மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போக வேண்டியவை.

"இன்சூரன்ஸ் போட்ட மாடு. என்ன செய்யணும்?"

காதுவில்லையைக் கழற்றாதீர்கள். வில்லை எண் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டு, நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். புதைத்த பிறகு சான்றிதழ் கேட்டு வந்தால் யாராலும் எழுதித் தர முடியாது. அடைப்பான் சந்தேகத்தில் திறக்காமல் விட்டால் வெளித்தோற்றமும் ரத்தப்பூச்சு முடிவும் வைத்து மருத்துவர் எழுதுவார்.

பக்கத்துக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அப்போதுதான் மாதிரிகள் முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். நீங்களாகவே எடுத்துக்கொண்டு போனால் வழக்கில் நிற்காது.

"ரிப்போர்ட்ல 'குறிப்பிட்ட நோய் எதுவும் காணப்படவில்லை'ன்னு வந்திருக்கு. அப்ப ஏமாத்தறாங்களா?"

இல்லை. ஆய்வகம் தன்னிடம் வந்த துண்டைப் பற்றித்தான் சொல்ல முடியும். அழுகிய துண்டு வந்திருக்கலாம், நோய் உள்ள உறுப்பு வராமலே போயிருக்கலாம். சாவதற்கு முன் போட்ட ஆன்டிபயாடிக் கிருமியை வளரவிடாமல் செய்திருக்கலாம். மின்னல், வெயில் அடி போன்றவை திசுவில் பெரிதாகத் தடம் விடாது. அதோடு, சில நோய்கள் இல்லை என்பதும் ஒரு முடிவுதான். வீண் மருந்துச் செலவு மிச்சம். அடுத்த ஆடு செத்தால் அதையும் காட்டுங்கள். ஒன்றில் கிடைக்காதது இரண்டாவதில் கிடைத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் மீதி ஆடுகளை என்ன பண்றது?"

நலமாக இருப்பவற்றையும் சோர்ந்தவற்றையும் உடனே பிரியுங்கள். நலமானவற்றுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோயுற்றவற்றிடம் கடைசியாகப் போங்கள். புதிதாகத் தொடங்கிய தீனி எதுவானாலும் நிறுத்திவிட்டு, ஒரு கிலோவை எடுத்துத் தனியாக வையுங்கள், பரிசோதனைக்குத் தேவைப்படும். பயத்தில் கொங்கணாபுரம், வீரகனூர் சந்தைகளுக்கு ஓட்டிப்போய் விற்றுவிடாதீர்கள். வாங்குபவரும் நம்மைப் போல ஒருவர்தான், நோய் அவர் பட்டிக்குப் போய்ச் சேரும்.

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தத் தேதியில் எத்தனை செத்தது, குட்டியா பெரியதா, முந்தின நாள் எங்கே மேய்ந்தது, கடைசியாகத் தடுப்பூசியும் புழு மருந்தும் போட்டது எப்போது, புதிதாக வாங்கிச் சேர்த்த ஆடு உண்டா. ஆய்வக அறிக்கை கைக்கு வரும் நாளில் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் மீதி ஆடுகளுக்கு என்ன மருந்து என்று எழுதுவோம்.